தரவுக்குத் தனி வட்டு

கணிப்பொறி அறிவியல் எடுத்துப் படிக்கும் மாணவிகள் தரவுத்தளம் என்ற சொல்லை நன்கு அறிவர். அட்டவணை அமைப்பதும், முதன்மைத் திறவுகோலைத் தேர்ந்தெடுப்பதும், எஸ்.கியூ.எல். மொழியில் வினவல் எழுதி விடை பெறுவதும் அவர்களுக்குப் பழகிய செயல்கள். ஆயினும் ஒரு சிறு கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. திரையில் நாம் காணும் அந்த அட்டவணை உண்மையில் எங்கே இருக்கிறது?

அது கணிப்பொறியினுள் ஏதோ ஒரு வட்டின் மீது, சில கோப்புகளாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த வட்டு எது, அதில் வேறு என்னென்ன இருக்கின்றன, அது ஒருநாள் காணாமற்போனால் அட்டவணைக்கு என்ன நேரும் என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்போம். எடுத்துக்காட்டாகப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது இது. 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று முழுப்பெயர் பெற்றது. விலையின்றிக் கிடைப்பதால் மாணவிகளும் தம் கணிப்பொறியில் நிறுவிப் பார்க்கலாம்.

லினக்ஸ் இயக்கமுறை உள்ள கணிப்பொறியில் இதனை நிறுவினால், தரவுக் கோப்புகள் அனைத்தும் ‘வார்’ என்னும் கோப்புறைக்குள் உள்ள ‘லிப்’ என்பதன் உள்ளே ஒரு கோப்புறையில் தாமாகவே போய் அமர்ந்துகொள்ளும். அது பெரும்பாலும் இயக்கமுறை இருக்கும் அதே வட்டுதான். படித்துப் பழகுவதற்கு இது போதும். ஆனால் ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடோ ஒரு மருத்துவமனையின் நோயாளர் விவரமோ அதில் ஏறப்போகிறது என்றால் இது போதாது. அடுப்படியிலேயே நெல் மூட்டைகளை அடுக்கினால் சமைக்க இடமிராது. தீப்பொறி பட்டால் நெல்லும் மிஞ்சாது. அதனால்தான் நம் பாட்டிமார் குதிரைத் தனியே வைத்தார்கள்.

வட்டு நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். இயக்கமுறை தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் குறிப்பெழுதி வைக்கும் இயல்புடையது. ஏதேனும் ஒரு நிரல் பழுதாகி, ஒரே பிழைச்செய்தியை இரவு முழுவதும் எழுதிக்கொண்டே இருந்தால், விடிவதற்குள் வட்டில் துளி இடம் இராது. அப்போது தரவுத்தளமும் எழுத இடமின்றி நின்றுவிடும். இதற்கு மறுதலையும் உண்டு. தரவுத்தளம் வளர்ந்து வட்டை நிரப்பிவிட்டால், இயக்கமுறை தன் அன்றாட வேலைக்கு இடமின்றித் தவிக்கும். பழுதுபார்க்க உள்ளே நுழைவதே கடினமாகும். இரண்டையும் வெவ்வேறு வட்டில் வைத்தால் ஒன்றன் பெருக்கம் மற்றொன்றை நெரிக்காது. இயக்கமுறையை அடியோடு அழித்துப் புதிதாக நிறுவ நேரிட்டாலும் தரவு வட்டைக் கழற்றி வைத்துவிட்டு அச்சமின்றிச் செய்யலாம்.

வேகம் என்ற காரணத்தையும் பலர் கூறுவர். இது ஒரு காலத்தில் முழு உண்மை. இன்று பாதி உண்மை. சுழலும் நிலைவட்டு ஒன்று நிமிடத்திற்கு 7200 முறை சுற்றுகிறது எனில், நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் எழுதுமுனைக்கு நேரே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். முனை இங்குமங்கும் நகரும் நேரம் இதற்கு மேல். ஒரே முனையை இயக்கமுறை ஒருபுறமும் தரவுத்தளம் மறுபுறமும் இழுத்தால் காலம் வீணாவது இயல்புதானே? இப்போது வழக்கில் உள்ள எஸ்.எஸ்.டி. வட்டில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஆதலின் வேகத்திற்காக மட்டும் பிரிப்பதில் முன்போலப் பயன் இல்லை. இடம், பாதுகாப்பு என்னும் இரண்டுமே இன்று வலுவான காரணங்கள் என்பது என் கருத்து.

நிலைவட்டின் பிறப்பைப் பற்றியும் ஒரு சொல். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்ற கணிப்பொறியில்தான் முதன்முதலில் நிலைவட்டு விற்பனைக்கு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அந்த அளவை எட்டிவிடுகிறது. அந்த வட்டு உருவான சான் ஹோசே நகரத்து ஐ.பி.எம். ஆய்வகத்திலிருந்தே, 1970-இல் எட்கர் காட் என்பவர் உறவுநிலைத் தரவுத்தளம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். தரவு கணிப்பொறியினுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டிய தேவை இருக்கக்கூடாது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. நம் பொருளுக்கு இது மிகவும் நெருங்கியது. தரவை ஒரு வட்டிலிருந்து மற்றொரு வட்டுக்கு மாற்றினாலும், நீங்கள் எழுதிய வினவலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டுவதில்லை அல்லவா? அந்த வசதிக்கு அடிகோலியவர் அவரே.

குறிப்பேடும் பேரேடும்

வணிகவியல் பிரிவு மாணவிகளுக்கு இப்பகுதி எளிதில் விளங்கும். கணக்குப் பதிவியலில் நடவடிக்கைகளை முதலில் குறிப்பேட்டில் நாள் வரிசையாக எழுதுகிறோம். பின்னரே பேரேட்டில் உரிய கணக்குகளில் எடுத்தெழுதுகிறோம். போஸ்ட்கிரெஸ் செய்வதும் இதுவே. ஒரு மாணவியின் மதிப்பெண்ணை 68 என்பதிலிருந்து 86 என்று திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாற்றம் முதலில் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் வரிசையாக எழுதப்பட்டு, வட்டில் உறுதியாகப் பதிந்தது என்று தெரிந்த பின்னரே ‘முடிந்தது’ என்ற விடை உங்களுக்கு வரும். அட்டவணையின் சொந்தக் கோப்பில் அது பிறகு, ஓய்வு கிடைக்கும்போது, எழுதப்படும். நடுவில் மின்சாரம் நின்றுபோனாலும் கவலை இல்லை. மறுபடி இயங்கத் தொடங்கியதும் குறிப்பேட்டைப் படித்து, விட்டுப்போனவற்றைப் பேரேட்டில் ஏற்றிவிடும். குறிப்பேடு 16 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாகவும், பேரேடு 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகவும் அமைந்திருக்கும்.

சிலர் குறிப்பேட்டை ஒரு வட்டிலும் பேரேட்டை வேறொரு வட்டிலும் வைப்பர். போஸ்ட்கிரெஸ் இதற்கு இடம் தருகிறது. சில அட்டவணைகளை மட்டும் மூன்றாவது வட்டுக்கு அனுப்பவும் வழி உண்டு. ஆனால் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் இரண்டு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். குறிப்பேடும் பேரேடும் இரண்டும் இருந்தால்தான் தரவுத்தளம் உயிரோடிருக்கும். இரண்டு வட்டும் பிழைத்திருக்கும் வாய்ப்பு 0.98 × 0.98 = 0.9604. அதாவது, பழுதாகும் வாய்ப்பு நூற்றில் இரண்டிலிருந்து ஏறக்குறைய நான்காக உயர்ந்துவிட்டது! பிரித்து வைத்ததனாலேயே பாதுகாப்புக் கூடிவிடும் என்று எண்ணுவது தவறு. மாறாக, ஒரே செய்தியை இரண்டு வட்டிலும் ஒருங்கே எழுதும் ரெய்டு என்ற முறையை மேற்கொண்டால், இரண்டும் பழுதானால்தான் இழப்பு. அந்த வாய்ப்பு 0.02 × 0.02, அதாவது பத்தாயிரத்தில் நான்கு. நிகழ்தகவுப் பாடத்தில் பெருக்கல் விதியை மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நிறுவும் முறை

இனிச் செயல்முறைக்கு வருவோம். புதிய வட்டைப் பொருத்தியதும் லினக்ஸ் அதற்கு ஒரு பெயர் இடும். முதல் வட்டு ‘எஸ்.டி.ஏ.’ என்றால் இரண்டாவது ‘எஸ்.டி.பி.’ இந்தப் பெயரை நம்பக்கூடாது. கணிப்பொறியை அணைத்து மறுபடி இயக்கும்போது பெயர்கள் இடம் மாறிவிடக்கூடும். வட்டில் கோப்பமைப்பை உருவாக்கும்போது யு.யு.ஐ.டி. என்றொரு நீண்ட அடையாள எண் அதற்குக் கிடைக்கும். வகுப்பில் ஒரே பெயருள்ள இருவரைச் சேர்க்கை எண்ணால் பிரித்தறிவது போல, வட்டுகளை இந்த எண்ணால் குறிப்பதே முறை. கோப்பமைப்பு இ.எக்ஸ்.டி.4 அல்லது எக்ஸ்.எஃப்.எஸ். ஆக இருக்கலாம். பென் டிரைவுகளில் காணப்படும் ஃபாட் வகை கூடாது. கோப்பு யாருக்கு உரியது என்பதை அது குறித்து வைக்காது. போஸ்ட்கிரெஸோ உரிமையாளர் யார் என்று பார்க்காமல் இயங்க மறுக்கும்.

விண்டோஸ் கணிப்பொறியில் சி டிரைவ், டி டிரைவ் என்று எழுத்துகள் இருப்பது போல லினக்ஸில் இல்லை. ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்டி, ‘இவ்வட்டை இதன்மேல் பொருத்து’ என்கிறோம். பொருத்தியபின் அக்கோப்புறையைத் திறந்தால் புதிய வட்டின் உள்ளடக்கம் தெரியும். பொருத்தாவிட்டாலும் கோப்புறை அங்கேயே இருக்கும். உள்ளே வெறுமையாக இருக்கும். இதை நன்றாக நினைவிற் கொள்ளுங்கள். பெரும் துன்பங்கள் தொடங்குமிடம் இதுதான்.

பொருத்திய கோப்புறையையே தரவுக் கோப்புறையாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அவ்வாறு செய்யலாகாது என்று போஸ்ட்கிரெஸின் கையேடே அறிவுறுத்துகிறது. அதன் காரணத்தை ஒரு பள்ளி அலுவலகத்தை வைத்து விளக்குகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை கம்பி தளர்ந்ததாலோ வேறு காரணத்தாலோ இரண்டாம் வட்டு பொருத்தப்படாமலே கணிப்பொறி இயங்கத் தொடங்குகிறது என்று கொள்க. தரவுத்தளத்தைத் தொடக்கி வைக்கும் நிரல், வெற்றுக் கோப்புறையைப் பார்த்து, ‘இன்னும் ஒன்றும் நிறுவப்படவில்லை போலும்’ என்றெண்ணி அங்கேயே புதிய வெற்றுத் தரவுத்தளம் ஒன்றைப் படைத்துவிடக்கூடும். அவ்வாறு தாமாகவே படைக்கும் நிரல்கள் உண்டு. அலுவலர் பார்க்கிறார், பழைய விவரம் ஒன்றையும் காணோம். அவசரத்திற்கு அன்றைய கட்டணங்களைப் புதிதாக ஏற்றுகிறார். செவ்வாயன்று வட்டு ஒழுங்காகப் பொருந்துகிறது. இப்போது பழைய விவரம் எல்லாம் வந்துவிட்டது; திங்கட்கிழமை கட்டிய கட்டணத்தைக் காணோம்! அது வட்டின் அடியில் மறைந்து கிடக்கிறது. ரசீது வைத்திருக்கும் பெற்றோருக்கும் பதிவில்லை என்று சொல்லும் அலுவலகத்திற்கும் இடையே என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. பொருத்தும் கோப்புறை ‘ரூட்’ எனப்படும் நிருவாகிக்கே உரியதாக இருக்கட்டும். வட்டைப் பொருத்தியபின் அதனுள் ஒரு கோப்புறை அமைத்து அதைப் ‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் பயனருக்கு உரிமையாக்குங்கள். அதனுள் இன்னொரு கோப்புறையே தரவுக் கோப்புறை. அதன் அனுமதி எண் 700. அதாவது உரிமையாளரைத் தவிர வேறு யாரும் படிக்கவும் முடியாது. இவ்வாறு செய்தால், வட்டு பொருந்தாத நாளில் உள்கோப்புறையே இராது. நிருவாகிக்குரிய இடத்தில் புதிதாக ஒன்றைப் படைக்கப் போஸ்ட்கிரெஸுக்கு உரிமையும் இராது. தரவுத்தளம் ‘கோப்புறையைக் காணோம்’ என்று சொல்லி நின்றுவிடும். அலுவலர் உடனே ஆளை அழைப்பார். வேறொரு சிறு காரணமும் உண்டு. இ.எக்ஸ்.டி.4 வட்டின் மேல்மட்டத்தில் ‘லாஸ்ட் அண்டு ஃபவுண்டு’ என்றொரு கோப்புறை தானாகவே இருக்கும். வெறுமையாக இல்லாத இடத்தில் தரவுத்தளம் அமைக்கப் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும்.

அடுத்து ‘இனிட் டி.பி.’ என்னும் கட்டளை. தரவுக் கோப்புறையின் பாதையைக் கொடுத்து இதனை இயக்கினால் தரவுத்தளத்தின் அடித்தளம் அங்கே எழும். ரூட் பயனராக இருந்து இதனை இயக்க இயலாது. போஸ்ட்கிரெஸ் பயனராகவே இயக்க வேண்டும். இப்போது எழுத்துக் குறியீட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஏற்றப்போகும் நாம் யு.டி.எஃப்.-8 தவிர வேறொன்றையும் எண்ணலாகாது. இம்முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். ‘அம்மா’ என்ற சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், ஆகாரக் கால் என ஐந்து குறியீடுகள். ஆகவே 15 பைட். பக்கங்கள் பழுதுபடாமல் உள்ளனவா என்று காட்டும் சரிபார்ப்பு எண் வசதியும் உண்டு. 2025-இல் வெளிவந்த 18-ஆம் பதிப்பிலிருந்து அது கேளாமலே இயங்குகிறது. முந்தைய பதிப்புகளில் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

வட்டு பொருந்திய பின்னரே தரவுத்தளம் எழ வேண்டும் என்று இயக்கமுறைக்குச் சொல்லிவைப்பதும் தேவை. ஏற்கெனவே இயங்கும் தரவுத்தளத்தை இடம் மாற்றுவதானால், முதலில் அதை நிறுத்திவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகளைப் படியெடுத்தால், ஒரு பக்கம் பழையதும் ஒரு பக்கம் புதியதுமாக ஒட்டாத படி ஒன்று கிடைக்கும். உரிமையும் அனுமதியும் மாறாமல் படியெடுத்து, அமைப்புக் கோப்பில் புதிய பாதையை எழுதி, மறுபடி தொடங்குங்கள். பழைய கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிச் சில நாள் வைத்திருங்கள். மை-எஸ்.கியூ.எல். பயன்படுத்துவோர் உபுண்டு லினக்ஸில் இதே வேலையைச் செய்யும்போது, உரிமை எல்லாம் சரியாக இருந்தும் ‘அனுமதி இல்லை’ என்ற விடை வந்து திகைப்பதுண்டு. ஆப்-ஆர்மர் என்னும் காவல் நிரலுக்குப் புதிய பாதையைத் தெரிவிக்காததே அதற்குக் காரணம்.

ஒரு வட்டு தனியே இருப்பது வேறு, ஒரு படி தனியே இருப்பது வேறு

2017-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நடந்ததைக் கணிப்பொறி படிப்போர் யாவரும் அறிந்திருக்க வேண்டும். உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம் அது. அதன் தரவுத்தளமும் போஸ்ட்கிரெஸ்தான். முதன்மைக் கணிப்பொறி ஒன்றும், அதன் நிழலாக இரண்டாவது ஒன்றும் இருந்தன. நிழல் பின்தங்கிவிட்டதால், அதன் தரவுக் கோப்புறையைத் துடைத்துவிட்டு மறுபடி படியெடுக்க முனைந்தார் ஒரு பொறியாளர். இரவு நெடுநேரம். கட்டளையை இட்டது நிழலில் அன்று, முதன்மையில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது.

சேமப்படிகள் இருக்கும் என்று தேடினார்கள். நாள்தோறும் எடுத்துவந்த படி என்று எண்ணியது எடுக்கப்படவே இல்லை. தரவுத்தளம் 9.6-ஆம் பதிப்பு, படியெடுக்கும் நிரலோ 9.2-ஆம் பதிப்பு. பதிப்பு பொருந்தாமல் அது நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்திருந்த படி ஒன்றே காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பயனர்கள் எழுதிய குறிப்புகளும் தொடங்கிய கணக்குகளும் திரும்பவில்லை. பயனர்களின் நிரல்கள் வேறு சேமிப்பில் இருந்ததால் அவை பிழைத்தன. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்டது. பொறியாளரின் பெயரை வெளியிடவில்லை. அவர் மீது பழி சுமத்தவும் இல்லை. இவ்விரண்டையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

இங்கே ரெய்டு இருந்திருந்தால் பயன்பட்டிருக்குமா? இராது. ஒரு வட்டில் அழித்தால் மற்ற வட்டிலும் அந்தக் கணமே அழியும். படி என்பது வேறு வட்டில், கூடுமானால் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். இது நமக்குப் புதிய செய்தி அன்று. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்குக் குரு ஒவ்வொருவரும் ஞானஸ்நானம், திருமணம் முதலிய பதிவேடுகளின் மெய்ப்படியை ஆண்டு முடிவில் ஆயரகத்திற்கு அனுப்ப வேண்டும் என்று விதித்திருந்தது. பங்குக் கோயில் தீக்கிரையானாலும் ஒருவரின் ஞானஸ்நானச் சான்று மறைந்துவிடக்கூடாது என்றால் அதற்கு வழி அதுதானே.

துறவியர்க்கும் கணிப்பொறிக்கும் உள்ள தொடர்பு இதனோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் ஆவார். 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், அயோவா மாநிலத்தில் டுபியூக் நகரிலுள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி நடத்தினார். 1985-இல் மறைந்தார்.

செய்து பார்க்க விரும்பும் மாணவிகள் ஆசிரியையின் அனுமதி பெற்று, பயன்படாத பழைய வட்டு ஒன்றில் இதனை முயலலாம். முதலில், மேற்கூறியவாறு தரவுத்தளத்தை நிறுவி, ‘ஷோ டேட்டா டைரக்டரி’ என்ற வினவலை இட்டு, விடையாக வரும் பாதை புதிய வட்டில்தான் உள்ளதா என்று பாருங்கள். இரண்டாவது, பத்துப் பெயர்கள் கொண்ட அட்டவணை ஒன்று அமைத்து, கணிப்பொறியை அணைத்து, மறுபடி இயக்கிப் பாருங்கள். மூன்றாவது, தரவுத்தளத்தை நிறுத்தி, வட்டைக் கழற்றிவிட்டுத் தொடக்குங்கள். அது மறுத்து நின்றால் உங்கள் அமைப்புச் சரி. வெற்றுத் தரவுத்தளத்தோடு எழுந்துவிட்டால் கோப்புறை உரிமைகளை மறுபடி பாருங்கள். நான்காவது, அட்டவணையைப் படியெடுத்து, வேறொரு கணிப்பொறிக்குக் கொண்டுபோய் அங்கே மீட்டு, பத்துப் பெயர்களும் தமிழ் எழுத்துச் சிதையாமல் வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இந்த நான்காவது பயிற்சிக்கு ஒரு முழுப் பாடவேளை வேண்டியிருக்கும்.